மேற்கு வெயிலைப் பார்த்த மேடை

மகன்,

இதை நீ வாசிக்கும்போது மேடையில் இரண்டாம் வரிசையில், இடப்பக்கமிருந்து மூன்றாவது கதிரையில் இருப்பாய். கதிரைகளின் முதுகில் பெயர் ஒட்டினது நான்தான், அதனால் எனக்குத் தெரியும். மதியம் இரண்டரை மணி ஆகியிருக்கும். ஊர்வலம் முடிந்து, மேளமும் நாதஸ்வரமும் ஓய்ந்து, உபவேந்தர் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மேடையில் இருக்கிற எல்லோரும் மடியில் கிடக்கிற பட்டமளிப்பு மலரைப் புரட்டுவார்கள், வருடாவருடம் பார்த்திருக்கிறேன். நீயும் புரட்டியிருப்பாய். நடுப்பக்கத்தில் என் படத்தைக் கண்டதும், அம்மா ஓய்வு பெறுகிற வருடத்தில் என்ன எழுதியிருக்கிறா என்று கொஞ்சம் பெருமையோடு தொடங்கியிருப்பாய். பெருமையை இந்தப் பந்தியோடு நிறுத்திக்கொள்.

மலர்க்குழு என்னிடம் ஒரு கட்டுரைதான் கேட்டது. "வளாகப் பட்டமளிப்பு விழாவைத் திட்டமிடுதலும் அதன் மரபைப் பேணுதலும்" என்று தலைப்பையும் அவர்களே தந்தார்கள். இருபத்தேழு வருடம் இந்த வளாகத்தின் பதிவாளர் கிளையில் இருந்து, அதில் பதின்மூன்று வருடம் விழாவை முன்நின்று நடத்தியவள் என்பதால் கேட்டார்கள். நானும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். பண்பாடு, பெருமை, கூட்டுமுயற்சி என்று எல்லாம் அதில் இருந்தது. குழு வாசித்து, நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் மலரின் கடைசிப் படியைப் பார்த்து அச்சகத்துக்கு அனுப்புகிற ஆளும் நான்தான். குழு ஏற்றுக்கொண்டது அந்தக் கட்டுரை, அச்சகத்துக்குப் போனது இந்தக் கடிதம். இனி என்னை என்ன செய்யப் போகிறார்கள்? அடுத்த மாதம் நான் வீட்டுக்குப் போகிறேன்.

நீ போன மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாய். பல்கலைக்கழகத் தலைமையகத்தில் உதவிப் பதிவாளராக இருக்கிற மகன் அம்மாவைப் பார்க்க வருகிறான் என்று அப்பா காலையிலேயே துறைமுகப் பக்கம் போய் விளைமீன் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, நீ எழுதிய அறிக்கையைக் காட்டினாய். இனி எங்கள் வளாகத்துப் பட்டமளிப்பு விழாவை வளாகத்தில் நடத்துவதில்லை, நிரந்தரமாகக் கொழும்பில் ஒரு குளிரூட்டிய மண்டபத்துக்குக் கொண்டுபோவது என்று தலைமையகத்துக் குழு ஒன்று சிபாரிசு செய்கிறது. அந்தக் குழுவின் செயலாளர் நீ. "அம்மா, நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வச்சாப் போதும். நீங்கள் ஓமெண்டா வளாகத்தில ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்" என்றாய். நான் புட்டும் மீன் குழம்பும் போட்டேன். நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். நான் ஒன்றும் கதைக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினாய். முப்பத்தேழு வயதாகியும் உனக்கு அம்மாவின் முகம் வாசிக்கத் தெரியவில்லை.

உன் அறிக்கையை நான் மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை, அதற்கு என்னுடைய வாழ்த்து. வெயில் அதிகம் என்று எழுதியிருக்கிறாய். புழுதிக் காற்று என்று எழுதியிருக்கிறாய். பெரிய விருந்தினர்கள் திருகோணமலை வரைக்கும் வரத் தயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியாக, "பெற்றோர் பெயர் வாசிப்பு நேர விரயமாக உள்ளது" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அடுத்த வாரம் பேரவை கூடி உன் அறிக்கையின் மேல் முடிவெடுக்கப் போகிறது. பேரவை உறுப்பினர்கள் அத்தனை பேரும் இப்போது உன்னோடு அதே மேடையில், இதே மலரை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு அவர்களால் எழும்பிப் போக ஏலாது. வாசிக்க வேறு ஒன்றும் அங்கே இல்லை.

உன் அறிக்கைக் குழுவின் தலைவரும் இருக்கிறார், முன்வரிசையில் நடுவில். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வளாகத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். உன்னை வேலைக்கு எடுத்தவர் அவர். பிரதிப் பதிவாளர் பதவிக்கு உன் பெயரைச் சொல்லப் போகிறவரும் அவர்தானாம். இந்த மனிதரின் மேல் நான் பதின்மூன்று வருடமாகக் கறுவிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உன்னையும் என்னையும் அவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எல்லோருக்கும் தெரியட்டும்.

உனக்குப் பட்டம் கிடைத்த வருடம் விழா கொழும்பில் நடந்தது. அதற்கு முந்தின வருடம் மாரி மழையில் வளாகத்துப் பந்தல் சாய்ந்துவிட்டது என்று காரணம் சொல்லிப் பெரியவர் அதை அங்கே கொண்டுபோனார். மண்டபம் சிறிது என்று ஒரு பிள்ளைக்கு ஒரு அனுமதி அட்டை மட்டும் கொடுத்தார்கள். நான் விழா வேலைக்குப் போனவள், எனக்கு அட்டை தேவையில்லை. உன்னுடைய அட்டை அப்பாவுக்கு. அப்பாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் முப்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு பிடித்தவர். கப்பல் கட்டுகிற கயிறு அவருடைய உள்ளங்கையைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டது. உன் விழாவுக்காக இரண்டு கிழமை மற்றவர்களின் முறைவேலையையும் சேர்த்துச் செய்து லீவு எடுத்தார். வெள்ளைச் சேட்டு ஒன்று தைத்தார். துறைமுக நுழைவு அட்டையை எப்படிப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைப்பாரோ, அப்படியே உன்னுடைய அட்டையையும் வைத்திருந்தார். வழி முழுக்கப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டப வாசலில் நான் பதிவு மேசையில் இருந்தேன். பெரியவரோடு அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்தார், கொழும்பில் ஏதோ கம்பனி முதலாளி. அவரிடம் அட்டை இல்லை. பெரியவர் அங்கி போட்டுக்கொண்டு நின்ற உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, உம்மட வீட்டுக்காரற்ற பாஸ் ஒண்டு இருந்தாத் தாரும். வாற மாதம் நேர்முகம் இருக்கு, ஞாபகம் வச்சிருக்கிறன்" என்றார். நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நேரே அப்பாவிடம் போனாய். "அப்பா, பாஸைத் தாங்கோ, சரிபார்க்க வேணுமாம்" என்றாய். அப்பா உறையோடு எடுத்துத் தந்தார். நீ உறையைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, அட்டையை மட்டும் கொண்டுபோனாய். பத்தடி தூரத்தில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழும்பவில்லை. உன்னுடைய நேர்முகத்தை நினைத்தேன், என்னுடைய பதவி உயர்வையும் நினைத்தேன். அந்த இடத்தில் நீ செய்ததற்கு நானும் உடந்தை, அதை ஒளிக்க மாட்டேன்.

அதற்கு மேல் ஒரு பொய்யும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என் மேசைக்கு வந்து, "இஞ்சேர், பிள்ளை பாஸைக் கொண்டுபோனவன், இன்னும் காணேல்ல" என்றார். "வளாகத்தில வேலை செய்யிற ஆக்களின்ர வீட்டுக்காரருக்கு இந்தமுறை பாஸ் இல்லையாம், சட்டமாம்" என்றேன். சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். வாகனங்கள் நிறுத்துகிற இடத்துக்குப் போய், சாரதிமாரோடு ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இருந்தார். மதியம் வாசல் காவலாளி சாப்பிடப் போய்விட்டான், கதவு திறந்தே கிடந்தது. சாரதிமார், "அண்ணை, ஒருத்தரும் இல்லை, போய்ப் பாருங்கோவன்" என்று சொல்லியிருக்கிறார்கள். "பாஸ் இல்லாம ஏலாது" என்று இவர் அசையவில்லை. முப்பது வருடம் துறைமுக வாசலால் போய் வந்த மனிதன், காவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். வேறு எந்தத் தகப்பனும் ஓடி வந்து கதவோரம் நின்று எட்டிப் பார்த்திருப்பான். உள்ளே உன் பெயர் வாசிக்கப்பட்ட நேரம் அவர் ஒரு சாரதி வாங்கிக் கொடுத்த, பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "பேரை வடிவா வாசிச்சவையோ?" நான் ஓம் என்றேன். நீ உன்னுடைய சான்றிதழ்ச் சுருளை அவர் கையில் கொடுத்தாய், அவர் கையைச் சேட்டில் துடைத்துவிட்டு வாங்கினார்.

அன்றைக்கு நான் மனதில் ஒன்றை முடிந்துகொண்டேன். பெரியவரை முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் துணிவு இல்லை. ஆனால் எனக்கு விழா நடத்தத் தெரியும். முதல் வேலையாக, கொழும்புக்கு வர முடியாமல் போன பெற்றோர் அத்தனை பேருக்கும் கடிதம் போட்டேன்: உங்கள் பிள்ளை பட்டம் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையென்றால் ஏன்? ஒரு சாக்கு நிறையப் பதில் வந்தது. கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தச் சாக்கை அப்படியே கொண்டுபோய்ப் பேரவை மேசையில் கொட்டினேன். விழா வளாகத்துக்குத் திரும்பி வந்தது. "ஒரு வருசம் பாப்பம்" என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். ஏற்பாட்டுக்குப் பொறுப்பு நான். அங்கேதான் அவர் என் கையில் அகப்பட்டார்.

மகன், மலரில் வருடாவருடம் எங்கள் மரபு என்று எழுதுகிறார்களே, அதை நீயும் உன் அறிக்கையில் ஒரு பந்தியாக எடுத்துப் போட்டிருக்கிறாய். மேடை உள்துறைமுகத்தைப் பார்த்து அமைந்திருப்பது கடலோடு எமக்குள்ள உறவைக் காட்டுகிறது என்று. ஒரு உறவும் இல்லை. உள்துறைமுகம் இருக்கிறது மேற்கே. பிற்பகல் இரண்டு மணிக்கு விழாவைத் தொடங்கினால், மூன்று மணிக்குப் பிறகு மேற்கு வெயில் கூரைக்குக் கீழாலே வந்து மேடையில் இருக்கிறவர்களின் கண்ணில் குத்தும். அவருடைய கண்ணில் குத்தட்டும் என்றுதான் மேடையை அப்படித் திருப்பினேன். விழா கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் நடப்பதும் மரபு என்கிறார்கள். மாரியில் பந்தல் சாயும் என்று அவர் சொன்னார் அல்லவா, நான் மழையே இல்லாத மாதத்தைத் தேடினேன். கச்சான் அனல் காற்று மேற்கிலிருந்து நேரே மேடைக்கு அடிக்கும், கம்பளி அங்கிக்குள் அவர் வெந்துகொண்டிருப்பார். கிண்ணியாவிலிருந்து பந்தலும் கதிரையும் கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், முதல் வருடமே கேட்டார், "மிஸ், குஷன் கதிரை நாப்பதுதான் இரிக்கி, மேடைக்குப் போடுவமா?" என்று. "இல்லை நானா, பெற்றோருக்கு. மேடைக்குப் பிளாஸ்ரிக் போதும்" என்றேன். நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்கு ஆரோடயோ கோவம்" என்று சிரித்தார். பெற்றோருக்குக் குஷன் கதிரை என்பதும் இப்போது மரபாகிவிட்டது. வாசலில் யாரிடமும் அட்டை கேட்பதில்லை என்பதும் மரபு. ஒரு குடும்பத்தில் பத்துப் பேர் வந்தாலும் உள்ளே விடுகிறோம்.

பழி வாங்குகிறவளுக்குக் கண் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் அந்த வெயில் மேடையில் மட்டும் விழவில்லை, வரிசையில் நின்ற பிள்ளைகளின் மேலும் விழுந்தது. கிண்ணியாப் பிள்ளை ஒன்று கறுத்த அங்கியோடு மயங்கி விழுந்தது. தகப்பன் ஓடிவந்து தூக்கி, நிழலில் கிடத்தித் தண்ணீர் தெளித்துவிட்டு என்னிடம் வந்தார். என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். "மிஸ், பிள்ளைக்கு இப்ப பறவாயில்ல. பேர எடுத்துப் போடாதீங்க, கடைசியில வாசிங்க" என்று கெஞ்சினார். எனக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்த வருடத்திலிருந்து பிள்ளைகளின் வரிசைக்கும் பெற்றோர் பக்கத்துக்கும் மறைப்புப் போட்டேன். மேடைக்குப் போடவில்லை. அதில் எனக்கு வெட்கம் இல்லை. உன் கண்ணில் இப்போது வெயில் குத்துகிறது என்றால், நீ தேர்ந்தெடுத்த பக்கம் அதுதான்.

இனி நீ நேர விரயம் என்று எழுதினாயே, அந்தப் பெயர் வாசிப்புக்கு வருகிறேன். எங்கள் விழாவில் பிள்ளையின் பெயர் தனியாக வாசிக்கப்படுவதில்லை. முதலில் ஊரின் பெயர், பிறகு தாய் தகப்பன் பெயர். அவர்கள் இருந்த இடத்தில் எழும்பி நிற்க வேண்டும், சபை அவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் பெயர், அதற்குப் பிறகுதான் பிள்ளை மேடைப் படியில் கால் வைக்கலாம். இதையும் பழியாகத்தான் தொடங்கினேன். ஒரு தகப்பனைக் கதிரையில் இருக்க விடாதவருக்கு முன்னால், நூற்றுக்கணக்கான தகப்பன்மாரை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்த வேண்டும், அவர் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அது என்னுடைய பழியைவிடப் பெரிய ஒன்றாகிவிட்டது. பெயர்களைச் சேர்க்க ஒரு படிவம் தயாரித்தேன். அதில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் "உயிருடன் உள்ளார், காலமானார், பொருந்தாததை வெட்டுக" என்று போட்டிருந்தேன். அலுவலகப் புத்தி. வெருகலிலிருந்து ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்து அந்தப் படிவத்தை என் மேசையில் வைத்தார். ஒன்றையும் வெட்டவில்லை. "இதில ஒண்டை வெட்ட வேணும் அம்மா" என்றேன். "எதை மிஸ் வெட்டுறது? என்ர மனுசனை விசாரிக்க எண்டு கூட்டிக்கொண்டு போனவை, ஆள் திரும்பி வரேல்ல. இருக்கிறார் எண்டு விட்டா, பேர் வாசிக்கேக்க ஆர் எழும்புறது? இல்லையெண்டு வெட்ட நான் ஆர்?" என்று கேட்டார். அழவில்லை. என்னிடம் பதில் இருக்கிறது என்று நம்பிக் கேட்டார். நான் அந்த வரியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டேன். விழா அன்று அந்த அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது எழும்பினார். கணவரின் பெயர் வந்ததும் ஒருதரம் கதிரையில் அமர்ந்து, திரும்பவும் எழும்பினார். ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே செய்தார். மகள் படியில் கால் வைத்துவிட்டு மேலே ஏறாமல் தாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்றிலிருந்து இல்லாதவர்களுக்காக இருக்கிறவர்கள் எழும்புகிறார்கள். தாயும் இல்லாத பிள்ளை என்றால் அந்த ஊர்க்காரர் யாராவது எழும்புவார்கள். மூதூர்ப் பிள்ளைக்குச் சம்பூர்க்காரர் எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். தமிழா முஸ்லிமா என்று ஒருவரும் பார்ப்பதில்லை, யாராவது ஒருவர் எழும்பும்வரைக்கும் வாசிப்பவர் காத்திருப்பார். ஓம், நேரம் போகும். கொழும்பு மண்டபத்துக்கு அந்த வெருகல் அம்மா எப்படி வருவார், ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டை என்றால் யாருக்காக யார் எழும்புவது, இதை உன் அறிக்கையில் எந்தப் பந்தியில் எழுதியிருக்கிறாய்? உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. ஐந்து வருடம் விடுமுறைக்கு வந்து பெற்றோர் பெயர்ப் பட்டியலை என்னோடு இருந்து சரிபார்த்தவன் நீ. தெரிந்துகொண்டு, அதற்கு விரயம் என்று பெயர் வைத்தாய்.

உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஒரு விழாவை நடத்துகிறவன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். மேடையில் இருக்கிறவர்கள் எப்படியும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். கடைசி வரிசையில் இருக்கிறவளுக்குப் பெயர் கேட்கிறதா, கழிப்பறை எங்கே என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா, திரும்பிப் போகக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, இதுதான் உன் வேலை. நீ பதின்மூன்று வருடமாக மேடையையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அந்த நேர்முகத்தில் உனக்கு வேலை கிடைத்த நாளில் நான் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன். அதையும் இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

உன்னை நான் பெற்றதில் எனக்கு மனவருத்தம் இல்லை, அப்படி நினைத்துவிடாதே. உன் மேல் எனக்குப் பாசம் இருக்கிறது, அது குறையவும் மாட்டாது. கோபமும் இருக்கிறது, அதுவும் குறையாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதினேன். அறிக்கையை நீயே திருப்பி வாங்கு என்று உன்னைக் கெஞ்சவும் போவதில்லை. பேரவைக்காரர்கள் இதை வாசித்த பிறகு, உன் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த அறிக்கைக்குக் கை உயர்த்துகிற துணிவு யாருக்கு இருக்கிறது என்று பார்ப்போம்.

அப்பாவிடம் சொல்லாமல் இதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் புரை விழுந்த பிறகு அவரால் எழுத்து வாசிக்க முடிவதில்லை. இந்த மலர் கைக்கு வந்தால் பக்கத்தில் இருக்கிற யாரோ அவருக்கு வாசித்துச் சொல்லப் போகிறார்கள், அதைவிட நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். பாஸ் வருகிற இடத்தில் துருவுகிற சத்தம் நின்றது. நான் சொன்ன பொய்யையும் விடாமல் வாசித்து முடித்தேன். அவர் தேங்காய்ப் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. வருடாவருடம் விழாப் பந்தலின் கயிறுகளைக் கட்டித் தருகிறவர் அவர்தான், கச்சானுக்கு ஒரு பந்தலும் அசைந்ததில்லை. விழா நேரத்திலும் கயிற்றுப் பக்கம்தான் நிற்பார், உள்ளே வந்து இருங்கோ என்றால், "நான் இஞ்சயே நிக்கிறன், இது எனக்குப் பழக்கம்" என்பார். இத்தனை வருடமும் எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டியிருக்கிறார். அதை நினைத்து அந்த இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தானாக வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ர இடத்தில இருந்த மனுசன், பிள்ளையின்ர பேர் வாசிக்கேக்க கை தட்டினவரோ?"

அந்த மண்டபத்தில் நான் சான்றிதழ்ச் சுருள்களை அடுக்கிக் கொடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றவள். நீ மேடை ஏறியபோது அந்தக் கதிரையைத்தான் பார்த்தேன். ஓம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் எனக்கு ஒரு பாரமும் இல்லை.

"இல்லை. ஃபோனில கதைச்சுக்கொண்டு இருந்தவர்" என்றேன்.

அப்பா தன்னுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அச்சுக்குக் குடு" என்றார்.

இந்த முறை அவர் கயிற்றுப் பக்கம் நிற்கவில்லை, மகன். கட்டி முடித்து, கைகால் கழுவி, சேட்டு மாற்றிக்கொண்டு வந்து பெற்றோர் பக்கத்தில் முதல் வரிசையில், உனக்கு நேரே இருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெயர் வாசிப்பு தொடங்கும். வாசிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், கடைசிப் பிள்ளை வரைக்கும், கை தட்டப் போகிறாராம். நீ எழும்பிப் போக ஏலாது. இருந்து கேள்.

அம்மா